ஊசிமருந்துக் குப்பி நிரம்பும் முன்பு

நாம் விழுங்கும் மாத்திரைக்கும் நரம்பில் செலுத்தப்படும் ஊசிமருந்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மாத்திரையோடு சில நுண்ணுயிர்கள் உள்ளே சென்றாலும் இரைப்பையின் அமிலமும் குடலின் காப்பு அரண்களும் அவற்றைப் பெரும்பாலும் அழித்துவிடும். ஊசிமருந்தோ அந்த அரண்கள் அனைத்தையும் தாண்டி நேரே இரத்தத்தை அடைகிறது. ஆகவே அதில் கிருமி குறைவாக இருந்தால் போதாது, அறவே இருத்தலாகாது.

மருந்துத் தட்டுப்பாடு நேரும் காலங்களில், "புதிய தொழிற்சாலை கட்டி முடித்தாயிற்று, எந்திரங்களும் வந்துவிட்டன என்கிறார்கள், பிறகு ஏன் மருந்து வரவில்லை?" என்று நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். எந்திரம் வந்து சேர்வதற்கும் அதில் நிரப்பிய முதல் குப்பி மருத்துவமனைக்கு வருவதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை இங்கு விளக்க முயல்கிறோம்.

இரு வழிகள்

குளுக்கோஸ், உப்புநீர் போன்றவை வெப்பத்தைத் தாங்குவன. அவற்றைப் பாட்டிலில் நிரப்பி மூடியபின், அழுத்த நீராவிக் கலனாகிய ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கலாம். இன்சுலின், தடுப்பூசிகள், நோயெதிர்ப் புரதங்கள் போன்றவை அவ்வெப்பத்தில் கெட்டுவிடும். இத்தகைய கரைசல்கள் பலவற்றை 0.22 மைக்ரான் துளை கொண்ட வடிகட்டியில் செலுத்தி, முன்பே கிருமி நீக்கிய குப்பிகளில், தூய காற்றின் கீழ் நிரப்புகிறார்கள். நிரப்பியபின் மீண்டும் சுடவைக்க வழியில்லை. எனவே இரண்டாவது வழியில் அறை, காற்று, எந்திரம், பணியாளர் ஆகிய நான்கும் ஒருசேரப் பிழையின்றி இயங்கியாக வேண்டும்.

குப்பி திறந்திருக்கும் இடத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு வரம்பு. அரை மைக்ரான் என்பது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அந்த அறையில் கிருமிகளின் மிகப்பெரிய மூலம் மனித உடலே. தோல், மூச்சு, பேச்சு ஒவ்வொன்றும் துகள்களை உதிர்க்கும். ஆதலால் உடலை முழுதும் மூடும் ஆடை அணிதல், கையுறை மாற்றுதல், மெதுவாக நடத்தல் ஆகியவற்றுக்கும் பயிற்சியும் தேர்வும் உண்டு.

சூளையும் நீராவிக் கலனும்

நல்லூர், விருத்தாசலம் வட்டார வாசகர்களுக்குச் சூளையைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்காப்புப் பீங்கான் சுடும் சூளையின் வெப்பம் 1,200 பாகையைத் தாண்டும். ஆயினும் சூளை முழுவதும் ஒரே சீராகச் சூடேறுவதில்லை; ஏதோவொரு மூலையில் அடுக்கிய பண்டம் வேகாமல் போவதுண்டு என்பதைத் தொழிலறிந்தவர்கள் அறிவார்கள்.

நீராவிக் கலனுக்கும் இது பொருந்தும். உள்ளே சிறிது காற்று தங்கிவிட்டால், அவ்விடத்தில் நீராவி புகாது, வெப்பமும் ஏறாது. ஆகவே புதிய கலனை இயக்கும் முன், அதன் மூலை முடுக்குகளில் வெப்ப உணரிகளை வைத்து அளக்கிறார்கள். வெப்பத்தை எளிதில் தாங்கும் நுண்ணுயிர் விதைகள் கொண்ட சோதனைப் பட்டைகளையும், வெப்பம் சென்றடைய மிகக் கடினமான இடங்களில் வைக்கிறார்கள். அவை எல்லாம் அழிந்தாலன்றிக் கலனுக்கு ஒப்புதல் இல்லை.

இச்சோதனையின் அருமையை உலகம் துயரத்தின் வழியே கற்றது. 1972ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன்போர்ட் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றப்பட்ட நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. விசாரணையில் காரணம் வெளிப்பட்டது. கலனின் கீழ்ப்பகுதியில் காற்று தங்கியிருந்ததால் அங்கிருந்த பாட்டில்கள் போதிய சூடு பெறவில்லை. கீழே பொருத்திய வெப்பமானி அதைச் சரியாகவே காட்டியது. கருவிதான் பழுது என்று எண்ணி அதைப் புறக்கணித்துவிட்டார்கள். ஆய்வுக்கு எடுத்த மாதிரிகளோ நன்கு சூடேறிய மேல்தட்டுப் பாட்டில்கள், அவை தேறிவிட்டன.

இருபது குப்பிகளின் கணக்கு

முடிந்த மருந்தைச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஒரு குப்பி மாசுபட்டிருப்பதாகக் கொள்வோம். வழக்கப்படி அதிலிருந்து 20 குப்பிகளை எடுத்துச் சோதித்தால், அந்த மாசு அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடே. மீதி 82 விழுக்காடு வாய்ப்பில் அந்தத் தொகுதி "தேறியது" என்றே பதிவாகும். பத்தாயிரம் குப்பிகள் கொண்ட தொகுதியானால், மாசுபட்ட நூறு குப்பிகள் நோயாளிகளிடம் சென்றுவிடும். சோதித்த குப்பியை மீண்டும் பயன்படுத்த முடியாதாகையால் எல்லாவற்றையும் சோதிக்கவும் இயலாது. எனவேதான் நம்பிக்கையை இறுதிச் சோதனையின்மேல் மட்டும் வைக்காமல், தயாரிப்பு முறையின்மேல் வைக்க வேண்டியதாகிறது.

அதற்கான முதன்மைத் தேர்வு இது: மருந்துக்குப் பதிலாக, கிருமிகள் செழித்து வளரக்கூடிய ஊட்டக் கரைசலை அதே எந்திரத்தில் அதே பணியாளர்களைக் கொண்டு நிரப்புகிறார்கள். சாய்ந்த குப்பியை அகற்றுதல், மூடிகளை நிரப்புதல், பணிமுறை மாறுதல் முதலிய அன்றாடக் குறுக்கீடுகளையும் வேண்டுமென்றே நிகழ்த்துகிறார்கள். பொதுவாக 5,000 முதல் 10,000 குப்பிகள் வரை நிரப்பி, 14 நாள் இளஞ்சூட்டில் வைத்து ஒவ்வொன்றையும் பார்க்கிறார்கள். எதுவும் கலங்கியிருக்கக்கூடாது. ஒன்று கலங்கினாலும் காரணத்தைத் தேடியாக வேண்டும். புதிய நிரப்பு வரிசைக்கு இத்தேர்வு தொடர்ந்து மூன்று முறை வெற்றி பெற வேண்டும். பின்னரும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை நடைபெற வேண்டும். கட்டடம் முடிந்தும் மருந்து வராத மாதங்கள் இவ்வாறுதான் செல்கின்றன.

நம் மாநிலத்து அனுபவம்

1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனமும், 1948இல் நிறுவப்பட்ட கிண்டி பி.சி.ஜி. ஆய்வகமும் நாட்டின் குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தடுப்பூசி அளித்தவை. நல் உற்பத்தி நெறிமுறைகள் நிறைவேற்றப்படவில்லை என்று 2008 ஜனவரியில் இவ்விரண்டின் உரிமங்களும், இமாசலப் பிரதேசத்துக் கசௌலி நிறுவனத்தின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டன. தடுப்பூசி வரத்து பாதிக்கப்பட்டது. நிறுத்தியது சரியா என்ற விவாதமும் எழுந்தது. 2010இல் அந்த ஆணை விலக்கப்பட்டது. நெறிமுறைக்கேற்ற புதிய வளாகங்களை எழுப்பி இயக்கத்துக்குக் கொண்டுவர ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

இதில் இருபுறமும் உயிர்கள் உள்ளன. தூய்மையில் சமரசம் செய்தால் ஊசி போட்டுக்கொண்டவர் துன்புறுவார். மருந்தே வராவிட்டால் ஊசி கிடைக்காதவர் துன்புறுவார். பழைய வரிசையை நிறுத்தும் முன் புதியதைத் தேற்றி வைப்பதே இதற்குத் தீர்வு என்பது எங்கள் கருத்து. 2023 இறுதியில் இந்திய அரசு திருத்தி வெளியிட்ட 'எம்' அட்டவணை, சிறு தொழிற்சாலைகளும் இத்தகைய நெறிமுறைகளுக்கு உயர வேண்டும் என்று கூறுகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

தொழிற்சாலையில் காத்த தூய்மை கடைசி நொடியில் நம் கையில் கெடாதிருக்கச் சில எளிய விதிகள்:

• குப்பியிலோ பாட்டிலிலோ காலாவதி நாள், மூடியின் முத்திரை, விரிசல் ஆகியவற்றைப் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, துகள் மிதந்தாலோ பயன்படுத்த வேண்டாம், செவிலியரிடம் காட்டுங்கள். சில வகை இன்சுலின் இயல்பாகவே வெண்மையாக இருக்கும்; ஐயமிருப்பின் கேளுங்கள்.

• இன்சுலினைக் குளிர்பெட்டியில் வையுங்கள்; உறைபனிப் பகுதியில் வைக்காதீர்கள்.

• கண் சொட்டுமருந்தின் நுனி கண்ணையோ விரலையோ தொடக்கூடாது. ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தக்கூடாது. உறையில் வேறுவிதமாகக் குறிப்பிடாவிடில், திறந்து ஒரு மாதத்தில் அப்புறப்படுத்துங்கள்.

• டிரிப் ஏறும்போது நடுக்கமோ காய்ச்சலோ மூச்சுத் திணறலோ தோன்றினால், பாட்டில் முடியட்டும் என்று காத்திராமல் உடனே செவிலியரை அழையுங்கள். அந்தப் பாட்டிலையும் குழாயையும் எறிந்துவிடாதீர்கள். அதன் தொகுதி எண்தான் பிறரைக் காக்க உதவும் முதல் தடயம்.

• மருந்தினால் நேர்ந்த தீய விளைவை மருத்துவரிடம் தெரிவிப்பதோடு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா அரசு எண்ணுக்கும் நீங்களே தெரிவிக்கலாம்.

அன்று வெப்பமானி சொன்னதை ஒருவர் நம்பியிருந்தால் டெவன்போர்ட் துயரம் நேர்ந்திராது. நோயாளியின் அருகில் இருந்து பார்க்கும் உறவினரும் அத்தகையதோர் உணரியே. நீங்கள் சொல்லுங்கள், கேட்பதும் ஆராய்வதும் எங்கள் கடமை.