டீச்சரம்மாவுக்கு ஒரு மணி நேரம்

ஒரு டார்ச் விளக்கின் பல்பு, ஒரு பாட்டரி, சாண் நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பி. இந்த மூன்றையும் உங்கள் கையில் கொடுத்து, "பல்பை எரிய வையுங்கள், பார்க்கலாம்" என்றால் என்ன செய்வீர்கள்? கம்பி ஒன்றுதான். இன்னொன்று கேட்கக் கூடாது!

விழிக்கிறீர்களா? வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவில் புகழ்பெற்ற எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிக்கொண்டு அங்கியோடு வந்தவர்களிடம் இதையே கேட்டுப் படம் பிடித்தார்கள். 1997-இல் வெளிவந்த அந்தப் படத்தில், பெரிய பெரிய கணக்குகளைப் போட்டுத் தேறியவர்களே பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அசடு வழிந்தார்கள்.

விடை சின்னதுதான். பல்பின் அடிமுனை பாட்டரியின் ஒரு தலையில் படவேண்டும். பல்பின் பக்கத்து உலோகத்திலிருந்து கம்பி, பாட்டரியின் மறு தலைக்குப் போகவேண்டும். மின்சாரம் ஒரு வழியாக உள்ளே போய், மறு வழியாக வெளியே வந்து, சுற்று முழுமையானால்தான் விளக்கு எரியும். நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கிய விஷயம்தான்!

"அந்தக் காலத்தில் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினார்கள், புரியவில்லை. இப்போதுதான் ஸ்மார்ட் கிளாஸ் வந்துவிட்டதே! என் பெண்ணுக்கு எல்லாம் திரையிலேயே காட்டிவிடுகிறார்கள்" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்தத் திரையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2001-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் கார்ல் வீமன் ஒருவர். அப்போது கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர். பரிசுப் பணம் வந்தால் நீங்களும் நானும் வீடு வாங்க யோசிப்போம். அவரோ அதில் ஒரு பங்கைப் போட்டு, 2002-இல் மாணவர்களுக்காகக் கம்ப்யூட்டர் சோதனைச்சாலை ஒன்றைத் தொடங்கினார். 'ஃபெட்' என்று பெயர். திரையில் பாட்டரி, பல்பு, கம்பி எல்லாம் இருக்கும். இழுத்து இழுத்து இணைத்தால் பல்பு எரியும். கம்பிக்குள்ளே மின்னணுக்கள் நீல முத்துக்களாக ஊர்ந்து போவதும் தெரியும். நிஜக் கம்பியில் பிரம்மதேவனே வந்தாலும் இதைக் காட்ட முடியாது! இதற்குக் காசு கிடையாது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பெயர்த்திருக்கிறார்கள். தமிழும் அவற்றில் ஒன்று.

அந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு பரிசோதனை நடந்தது. மாணவர்களில் ஒரு பிரிவுக்கு நிஜப் பல்பும் கம்பியும் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவுக்குத் திரைப் பல்பு. பிறகு இரு பிரிவையும் நிஜக் கம்பியில் சுற்று அமைக்கச் சொன்னார்கள். திரையில் பழகியவர்களே சீக்கிரம் முடித்தார்கள். காரணத்தையும் நன்றாக விளக்கினார்கள். 2005-இல் இது பிரசுரமானபோது பலருக்கு ஆச்சரியம். நிஜப் பல்பைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. என்னைக் கேட்டால் ஒரே மேஜையில் இரண்டும் இருக்கவேண்டும். அதைவிட முக்கியம், அந்த மாணவர்கள் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது. என்ன செய்வது, எதை யோசிப்பது என்று கேட்கும் தாள் ஒன்று அவர்கள் கையில் இருந்தது.

அந்தத் தாளை எழுதுவது யார்? டீச்சரம்மாதான். பாடம் நன்றாவதும் கெடுவதும் அங்கேதான்.

ஒரு தாளில் இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'பாட்டரியை நடுவில் வை. பல்பை வலப்பக்கம் வை. இரண்டு கம்பிகளால் சேர். விசையைப் போடு.' குழந்தை பத்து நிமிஷத்தில் முடித்துவிடும். பல்பும் எரியும். சமையல் குறிப்பைப் பார்த்து உப்புமா கிளறியது மாதிரி!

மற்றொரு தாள்: 'பல்பு எரியாதபடி நாலு விதமாக இணைத்துப் படம் வரை. ஒவ்வொன்றும் ஏன் எரியவில்லை? இப்போது இரண்டு பல்புகளை வரிசையாக ஒரே கம்பியில் கோக்கப் போகிறோம். எது பிரகாசமாக எரியும்? உன் ஊகத்தை முதலில் எழுது. பிறகு இணைத்துப் பார்.' பெரும்பாலான குழந்தைகள், முதல் பல்பு மின்சாரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், அடுத்தது மங்கும் என்றே எழுதும். பார்த்தால் ஒரே மாதிரிப் பல்புகள் இரண்டும் ஒரே மாதிரி எரிகின்றன! நீல முத்துக்களும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் போகின்றன. அந்தத் திகைப்பில்தான் பாடம் ஆரம்பமாகிறது.

'ஃபெட்' குழுவினரும் ஆசிரியர்களுக்கு இந்த யோசனையைத்தான் சொல்கிறார்கள். முதலில் சில நிமிஷம் குழந்தைகளை இஷ்டப்படி விளையாட விடுங்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். காரணத்தைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். நம் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களில் 2018 முதல் வந்த 'இணையச் செயல்பாடு' கட்டங்கள் பல, இப்படிப்பட்ட கருவிகளுக்குத்தான் வழி காட்டின. வாசல் வரை கொண்டுபோய் விட 'படி 1, படி 2' சரிதான். உள்ளே போனபின் என்ன கேட்பது என்பதை டீச்சர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அவர் எப்போது யோசிப்பார், சொல்லுங்கள்? நாற்பது நோட்டுத் திருத்தி, வராத ஆசிரியையின் வகுப்பையும் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் அடுப்பையும் மூட்டுகிறவர் அவர். ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, 'இதை அழுத்தினால் திரை வரும், அதை அழுத்தினால் சத்தம் வரும்' என்று சொல்லி அனுப்பினால் போதுமா?

போதாது என்று காட்டியவர்கள் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும். மிஸ்ரா நம் பிலானியிலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். பாடம் தெரிவது, சொல்லிக் கொடுக்கத் தெரிவது, கருவி தெரிவது ஆகிய மூன்றும் தனித்தனியே இருந்தால் பயனில்லை, ஒன்றோடொன்று கலக்கவேண்டும் என்று 2006-இல் எழுதினார்கள். கலப்பதற்கு அவர்கள் கண்ட வழி, பிரசங்கம் அல்ல. ஆசிரியர்களைச் சின்னக் குழுவாகச் சேர்த்து, தங்கள் பாடத்தைத் தாங்களே தயாரிக்க விட்டார்கள். ஆரம்பத்தில் கருவியைப் பற்றித் தனியாக, பாடத்தைப் பற்றித் தனியாகப் பேசியவர்கள், நாளாக ஆக மூன்றையும் சேர்த்தே பேசத் தொடங்கினார்களாம்.

ஜப்பானில் இதற்குக் கருவிகூட வேண்டியிருக்கவில்லை. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று, நடத்துகிறவரை அல்ல, குழந்தைகளைக் கவனிப்பார்கள். பிறகு கூடிப் பேசித் திருத்துவார்கள். நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம்!

அப்படிப் பின்னால் ஒருவர் நின்றால்தான் சில சங்கதிகள் கண்ணில் படும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு குழந்தைகள் என்றால், மவுஸைப் பிடித்த பிள்ளை விடுவதே இல்லை. பக்கத்தில் இருக்கும் பெண் கையைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிஷமும் வேடிக்கை பார்க்கிறாள். 'ஒவ்வொரு கேள்விக்கும் ஆள் மாறவேண்டும்' என்று அடுத்த தாளில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. இந்த ஒரு வரியை எந்தக் கம்பெனிக்காரரும் பெட்டியோடு அனுப்புவதில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், "ஸ்மார்ட் கிளாஸ் உண்டா?" என்று கேட்காதீர்கள். "ஒரே பாடம் நடத்தும் டீச்சர்கள் சேர்ந்து உட்கார வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்கிறீர்களா?" என்று ஹெட்மாஸ்டரைக் கேளுங்கள். ஒரு தாய் கேட்டால் சிரிப்பார். பத்துத் தாய்மார் கேட்டால் டைம் டேபிளை எடுத்துப் பார்ப்பார். வாசகிகளில் நீங்களே டீச்சராக இருந்தால், பக்கத்து வகுப்பு டீச்சரோடு ஒரே ஒரு பாடத்துக்கு ஒரு தாள் எழுதிப் பாருங்கள். இந்த இரண்டு பல்புக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.