பசை ஆறப் பொறுங்கள்!

கல்யாணத்துக்கென்று தேக்கில் கட்டில் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். மரம் நல்ல மரம், ஆசாரி கெட்டிக்காரர், கூலியிலும் நீங்கள் குறை வைக்கவில்லை. ஆனால் பாலிஷ் போட்டு வீட்டுக்கு வந்ததும் பார்த்தால், காலும் சட்டமும் சேரும் இடத்தில் தேமல் படர்ந்தாற்போல் வெளுத்த திட்டுகள்! யார்மேல் பழி போடுவது? மரமும் குற்றவாளி அல்ல, பாலிஷும் அல்ல. மூட்டிலிருந்து வழிந்த பசைதான் குற்றவாளி!

தேக்கு கோவைச் சீமைக்குப் புதிதல்ல. ஆனைமலைக் காட்டில் வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் சறுக்கி விட்டதால்தான் 'டாப்ஸ்லிப்' என்ற பெயரே வந்தது. அந்தத் தேக்கின் குறுக்குவெட்டை உற்றுப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போல் துளைகள் வரிசையாகத் தெரியும். மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அவை. பாலிஷ்காரர் பூசும் சாயம் அவற்றில் இறங்கித்தான் நிறம் பிடிக்கிறது. பசை முந்திக்கொண்டு அடைத்துவிட்டால் சாயத்துக்கு ஏது இடம்?

"வழிந்த உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போச்சு!" என்பீர்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது! தண்ணீர் பட்ட பசை நீர்த்துப் பரவி, துளைகளுக்குள் இறங்கிவிடும். அப்போது கண்ணுக்குத் தெரியாது; பாலிஷ் போட்ட பிறகு பல்லை இளிக்கும்.

சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால்? பசை கல்லாய் இறுகி, உளி பட்டதும் மரத்தின் நாரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்குவம் உண்டு. வெள்ளைப் பசையானால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மேலே ஏடு கட்டும். ஆடிக் காற்றில் சீக்கிரம் காயும். ஐப்பசி மழையில் தாமதிக்கும். விரலால் தொட்டால் ஒட்டாமல் ரப்பர்போல் இருக்க வேண்டும். அப்போது கூரான தட்டை உளியை மரத்தோடு படிய வைத்து மெள்ளத் தள்ளுங்கள். பசை நாடாவாய்ச் சுருண்டு வந்துவிடும். மிச்சத்துக்கு உப்புத்தாள் இருக்கிறது.

அந்தக் காலத்து வச்சிரம் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. காய்ந்த பிறகும் வெந்நீர்த் துணிக்கு இளகும். 1959இல் பம்பாயில் பிறந்த ஃபெவிகால் போன்ற பசைகள் காய்ந்துவிட்டால் அவ்வளவு சுலபமாக இளகுவதில்லை. ஆகவே பருவம் தவறக் கூடாது.

இன்னும் இரண்டு யோசனைகள். உளி நுழையாத உள்மூலைகளில், பூட்டுவதற்கு முன்பே மூட்டின் ஓரமாக ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். பசை அதன்மேல் வழியும், நாடாவோடு உரிந்து வரும். பாலிஷுக்கு முன்னால் டர்பன்டைன் நனைத்த துணியால் மூட்டுகளைத் துடைத்துப் பாருங்கள். பசை ஒளிந்திருக்கும் இடம் மட்டும் வெளிறித் தெரியும்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பசையையே குறைத்துவிடாதீர்கள்! மூட்டை இறுக்கும்போது ஓரத்தில் சிறு முத்துகளாய்ப் பசை அரும்பினால்தான் உள்ளே போதுமான பசை இருப்பதற்கு அடையாளம்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும் அல்லவா? மூட்டைப் பூட்டிவிட்டு ஆசாரியார் திண்ணையில் உட்கார்ந்து, "சித்தெ பொறுங்க" என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சும்மா இருக்கவில்லை. உங்கள் கட்டிலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்!