போகிற விசாவும் தங்குகிற விசாவும்

வாசுதேவநல்லூரில் மதுரை–தென்காசி ரோட்டோரம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். பாஸ்போர்ட், போலீஸ் சான்று, ஆதார் திருத்தம், பிறப்புச் சான்று என்று சுற்றுவட்டாரத்துக் காகித வேலையில் பாதி இந்த மேசையைத் தாண்டித்தான் போகிறது. வெளிநாடு கிளம்புகிற பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் கேட்பது, "அண்ணாச்சி, விசா எப்ப வரும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "வரட்டும்ல. அந்த விசாவுல எத்தன வருஷம் இருக்கலாம்? அதுக்கப்புறம் என்ன செய்யப் போற?" பெரும்பாலும் பதில் வராது.

விசாவில் முக்கியமாக இரண்டு வகை. வேலை முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியது ஒன்று. பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு உரிமை வரைக்கும் கொண்டுபோகக் கூடியது இன்னொன்று. விமானம் ஏறுகிற அன்றைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் எந்த வகையில் வந்தோம் என்பது உறைக்கும்.

என் குடும்பத்தில் இது பழைய கதை. என் ஆச்சி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1948-இல் சிலோன் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. 1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆச்சி இந்தியாவின் பங்குக்கு வந்தவள். அதுவரை கண்ணால் பார்த்திராத நாட்டுக்குத் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கினாள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியும் அந்த மண்ணில் இருக்கலாம் என்று சொல்ல ஒரு காகிதம் இல்லை. அதனால்தான், தங்குவதைப் பற்றிக் கேட்காமல் கிளம்புகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

எங்கள் பக்கத்தில் இருந்து அதிகம் பேர் போவது வளைகுடாவுக்கு. அங்கே கையில் கிடைப்பது இக்காமா என்கிற தங்கும் அனுமதி. அது முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதுவும் போகும். முப்பது வருடம் உழைத்தாலும் கடைசியில் ஊர் திரும்ப வேண்டியதுதான். 2019-இல் சவூதி பிரீமியம் ரெசிடென்சி என்று ஒன்றைத் தொடங்கியது. காலவரம்பில்லாமல் தங்க எட்டு லட்சம் ரியால் என்று விலை வைத்தது. அமீரகம் பத்து வருட கோல்டன் விசா கொடுக்கிறது. கொத்தனாருக்கும் டிரைவருக்கும் இவை எட்டாது. சம்பாதித்து, சேர்த்து, திரும்பி வருவதுதான் வளைகுடாக் கணக்கு. அந்தக் கணக்கில் தெளிவாக இருந்து போனவர்கள் நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று இருக்கும். 1983-ஆம் வருடத்து எமிக்ரேஷன் சட்டப்படி அவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். இதை இடைஞ்சல் என்று நினைத்து டூரிஸ்ட் விசாவில் பறக்கிறார்கள். இடைஞ்சல் இல்லை, பாதுகாப்பு. இந்த வழியாகப் போனால் வேலை ஒப்பந்தம் பதிவாகிறது; பத்து லட்ச ரூபாய்க்குக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய்ச் சம்பளம் கிடைக்காமல் நிற்கிறவனுக்காக எந்தத் தூதரகம் எந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசும்?

தெற்கே கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் சிங்கப்பூர் உறவு பல தலைமுறையாக உண்டு. கடையநல்லூர்க்காரர்கள் அங்கே 1941-லேயே சங்கம் வைத்தவர்கள். அந்தக் காலத்தில் போய் ஊன்றியவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, "நாமளும் போனா பி.ஆர். கெடச்சிரும்" என்று இன்றைக்குக் கிளம்புகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் கிடைக்கிற ஒர்க் பெர்மிட்டை வைத்து அங்கே பி.ஆருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. சிங்கப்பூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்யவும் அரசின் முன் அனுமதி வேண்டும். எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் இன்னொன்று இருக்கிறது: பெற்றோர் மூலம் பி.ஆர். வாங்குகிற மகன் இரண்டு வருடம் ராணுவ சேவை செய்ய வேண்டும். கைக்குழந்தைக்கு விண்ணப்பிக்கும்போதே இதை யோசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

எந்த நாடாக இருந்தாலும் முதல் தடை நம் ஊரிலேயே, நம் பெயரிலேயே இருக்கிறது. சுப்பையா மகன் மாடசாமி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றில் எஸ். மாடசாமி. ஆதாரில் மாடசாமி எஸ். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது, விரித்து எழுத வேண்டும்; குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, 'கிவன் நேம்' கட்டத்தில் 'மாடசாமி' மட்டும் போட்டுவிட்டார்கள். இதோடு அமெரிக்க விசா எடுத்தால் மாடசாமி குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும், முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். ஓட்டுநர் உரிமத்தில் இருந்து வங்கிக் கணக்கு வரைக்கும் அந்த மூன்று எழுத்து கூடவே வரும். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா வைத்திருப்பவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அமீரகம் அறிவித்தபோது நம் ஆட்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகுதான் தெளிவாக்கினார்கள். கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வருகிறவர்களிடம் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடச் சொல்கிறேன். பள்ளியில் சேர்க்கும்போதும் அதே எழுத்து, அதே வரிசை இருக்க வேண்டும்.

பிறப்புச் சான்று அடுத்த சிக்கல். அமெரிக்காவில் கிரீன் கார்டு, அதாவது அந்த நாட்டுப் பி.ஆர்., வாங்குகிற கட்டத்துக்கு வந்துவிட்ட ஒரு பையனின் அப்பா பழுப்பு நிற ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். 1988-இல் பிறந்த பையன். பிறப்புப் பதிவில் பெயரே இல்லை, 'ஆண்' என்று மட்டும் இருக்கிறது. மாவட்டம், நெல்லை கட்டபொம்மன். பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி. வீட்டு முகவரிச் சான்றில் தென்காசி. மூன்றும் சரிதான். 1986-இல் தூத்துக்குடி தனியாகப் பிரிந்தபோது எங்கள் மாவட்டத்துக்குக் கட்டபொம்மன் பெயர் வந்தது, 1997-இல் தலைவர்கள் பெயரை எடுத்தபோது மறுபடி திருநெல்வேலி ஆனது, 2019 நவம்பரில் தென்காசி பிறந்தது. இதை டெக்சஸில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு யார் சொல்வது? ஊர்ப் பெயரை எல்லாவற்றிலும் ஒரே ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டால் மாவட்டம் மாறியதை ஒரு பிரமாணப் பத்திரத்தில் விளக்கிவிடலாம். பெயர் விட்டுப்போன பதிவுக்குப் பதிவு செய்த அலுவலகத்தில்தான் போய்க் கேட்க வேண்டும். பதிவே இல்லை என்றால், இல்லை என்ற சான்றை அங்கேயே வாங்கி, பள்ளிச் சான்றும், பிறப்பை அறிந்த மூத்த உறவினர்களின் பிரமாணப் பத்திரமும் சேர்க்க வேண்டும். அந்த உறவினர்கள் உயிரோடு இருக்கும்போதே வாங்கி வையுங்கள் என்று அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டாரிடமும் சொல்கிறேன்.

அந்த அப்பா கேட்டார்: "கியூவுல நிக்கேன், கியூவுல நிக்கேன்னே சொல்லுதான் அண்ணாச்சி. ஒரு கார்டுக்கு அப்படி என்ன கியூ?"

வேலை அடிப்படையில் அமெரிக்கா ஒரு வருடத்துக்குக் கொடுக்கிற கிரீன் கார்டு சுமார் 1,40,000. மனைவி, பிள்ளைகளும் அதற்குள்ளேதான். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது விதி. வேறு நாட்டார் எடுக்காமல் மிஞ்சினால்தான் கூடுதல். குட்டி நாட்டுக்கும் இந்தியாவுக்கும் அதே ஏழு. விண்ணப்பம் தொடங்கிய தேதியை வைத்து வரிசை. மாதா மாதம் எந்தத் தேதிக்காரர் வரை அழைக்கிறோம் என்று விசா புல்லட்டின் வெளியிடுவார்கள். முதுகலை படித்தவர்கள் வருகிற இரண்டாம் பிரிவில், 2025 முழுக்க இந்தியர்களின் தேதி 2012 கடைசியிலும் 2013 முற்பகுதியிலுமே ஊர்ந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தக் கட்டத்தைக் காட்டினேன். மகன் விண்ணப்பித்த வருடத்தைச் சொல்லி விரல்விட்டு எண்ணிப் பார்த்தவர், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வரிசையில் பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. வாசுதேவநல்லூரில் பிறந்தவன் கனடாக் குடிமகன் ஆனாலும் இந்திய வரிசையில்தான் நிற்பான். ஆனால் மனைவி வேறு நாட்டில் பிறந்தவள் என்றால் அவள் பிறந்த நாட்டுக் கணக்கில் இருவரும் போகலாம். அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்த பெண்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். குவைத் பிறப்புச் சான்றைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டுப் புருஷனோடு இந்திய வரிசையில் காத்திருக்கிற குடும்பங்கள் இருக்கக்கூடும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கூடவே பிள்ளைகளின் வயதையும் பார்க்க வேண்டும். பெற்றோரின் கார்டு வருவதற்குள் 21 வயது தாண்டிவிட்டால் பிள்ளை அந்த விண்ணப்பத்தில் இருந்து விழுந்துவிடும் அபாயம் உண்டு. வயதைக் கணக்கிடத் தனிச் சட்டமே இருக்கிறது. அங்குள்ள வக்கீலிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் நேரடியாகப் பி.ஆர். கொடுக்கிற நாடுகள். மதிப்பெண்தான் அங்கே பேச்சு. 2015-இல் கனடா தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி. 29 வயது வரை முழுப் புள்ளி, அதற்கப்புறம் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குறைந்து 45-இல் வயதுக்கான புள்ளி பூஜ்யமாகும். ஆகவே "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், பிறகு பாக்கலாம்" என்பதற்கு அங்கே விலை உண்டு. கடந்த பத்து வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்த ஒவ்வொரு நாட்டின் போலீஸ் சான்றும் கேட்பார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இங்கே வந்தபிறகு அதை வாங்கப் படுகிற பாடு பெரிது. கிளம்பும் முன்பே கையோடு வாங்கி வருவது எவ்வளவோ லேசு. ஆஸ்திரேலியாவில் 65 புள்ளி குறைந்தபட்சம், 45 வயதுக்குள் இருக்க வேண்டும். அங்கே நாட்டி என்ற அமைப்பு நடத்துகிற சமூக மொழித் தேர்வைத் தமிழில் எடுத்துத் தேறினால் ஐந்து புள்ளி. தாய்மொழி பேசி வாங்குகிற அந்த ஐந்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. வயலை அடகு வைத்துக் கட்டிய பணம் கரைவதைப் பார்த்திருக்கிறேன். கனடாவில் வேலைக் கடிதம் இருந்தால் ஐம்பது முதல் இருநூறு புள்ளி கூடுதல் என்ற விதி முன்பு இருந்தது. கடிதத்தையே விலைக்கு விற்கத் தொடங்கியதால் 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளியையே எடுத்துவிட்டார்கள். எடுத்தபிறகும் அந்தக் கடிதத்தைக் காட்டி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு நின்றது. அதற்கும் இன்னும் வசூல் நடக்கிறது. கனடாவுக்குப் பணம் வாங்கி ஆலோசனை சொல்ல அந்த நாட்டு உரிமம் வேண்டும், ஆஸ்திரேலிய ஏஜென்டுக்குப் பதிவு எண் உண்டு. இரண்டையும் செல்போனிலேயே சரிபார்க்கலாம். வேலைக்கு ஆள் அனுப்புகிற இந்திய ஏஜென்ட் இ-மைக்ரேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கக் கூடியது முப்பதாயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழக அரசுக்கே 1978 முதல் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே ஒரு தடவை விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பி.ஆர். வந்துவிட்டால் இந்தியக் குடிமகன் என்பது மாறாது, பாஸ்போர்ட்டும் நம்முடையதே. ஆனால் அது பூட்டி வைக்கிற பொருள் இல்லை. கனடாவில் எந்த ஐந்து வருடத்தை எடுத்தாலும் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அப்பா படுத்துவிட்டார் என்று ஊருக்கு வந்து தங்குகிற மகன் நாளை எண்ணிக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது. குடியுரிமையே வாங்கினால் அந்த எண்ணிக்கை தீரும்; அதே நொடியில் 1955-ஆம் வருடத்துச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓ.சி.ஐ. கார்டு வாங்கிக்கொள்ளலாம். வந்து போகலாம், தங்கலாம், ஓட்டு கிடையாது.

எலுமிச்சைத் தோட்டமும் நெல்வயலும் உள்ள எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வெளிநாட்டில் தங்கிவிட்ட பிள்ளை, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் ஓ.சி.ஐ. வைத்திருந்தாலும், இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. தான செட்டில்மென்டாக எழுதிக் கொடுக்கவும் அன்னியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. வீடும் மனையும் கொடுக்கலாம். வயல் வாரிசாக, அல்லது உயில் மூலமாக மட்டுமே அவனுக்குப் போய்ச் சேரும். கையில் தெம்பு இருக்கும்போதே பத்திர எழுத்தரிடம் போய் உயிலை எழுதி, சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிந்து வையுங்கள். உயிலில் பிள்ளையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.