ஏரிக்கரையில் ஒரு நோட்டுப் புத்தகம்

கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை போனவள், வழக்கம்போல் வேங்கிக்காலில் அக்கா வீட்டில் தங்கினேன். மறுநாள் விடிந்ததும், காப்பிக்கு முன்னால் அக்காவின் புலம்பல் வந்து சேர்ந்தது.

"உன் செல்லப் பெண் ஏரிக்கரைக்குப் போய்விட்டாளடி! விலங்கியல் படி என்று காலேஜுக்கு அனுப்பினால், கொக்கு எண்ணிக்கொண்டு நிற்கிறாள். இப்போது ஏதோ பறவைச் சங்கத்தில் சேர வேண்டுமாம். சந்தா வேறு! இதனால் ஒரு மார்க்காவது கூட வருமா?"

வராது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஏரிக்கரையில் அவள் நோட்டும் பென்சிலுமாக நின்றாள். "சித்தி, அந்த இரண்டும் ஒரே ஜாதி என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒன்றுக்கு மூக்கு கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது சின்னக் கொக்கு. மஞ்சள் மூக்குக்காரன் உண்ணிக்கொக்கு, மாட்டின் பின்னாலேயே போவான்." முப்பது வருஷமாக இரண்டையும் கொக்கு என்றே சொல்லிவந்தவள் நான். அவளுக்கும் புத்தகத்தைப் பார்த்து இது பிடிபடவில்லையாம். கூட நடந்த ஒரு பெரியவர் காட்டிக் கொடுத்தாராம்.

சங்கம் என்றால் முதலில் இதுதான்: தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது. பம்பாயில் பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவன், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி? மாமா அமிருத்தீன் தியாப்ஜி, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அங்கத்தினர். பையனை அதன் காரியதரிசி மில்லார்டிடம் அனுப்பினார். அந்த வெள்ளைக்காரர் "போய் விளையாடு, தம்பி" என்று விரட்டவில்லை. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பெயர் சொல்லி, பாடம் செய்த பறவைகள் நிறைந்த பெட்டிகளைத் திறந்து காட்டினார், புத்தகங்கள் கொடுத்தார். அந்தப் பையன்தான் ஸாலிம் அலி. 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் புத்தகம் எத்தனையோ பேரை ஏரிக்கரைக்கு அனுப்பியது.

ஆனால் அக்கா பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கல்லூரிப் பட்டம் இல்லாததால் ஸாலிம் அலிக்கே ஒரு சர்க்கார் உத்தியோகம் கைநழுவிப் போயிற்று. சங்கம் பட்டத்துக்கு மாற்று அல்ல. பரீட்சைக்குப் படிக்கத்தான் வேண்டும்.

1883-இல் ஆரம்பித்த அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு 1978 முதல் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் இருக்கிறது. அமெரிக்காவிலும் அதே 1883-இல் பறவையியலாளர் சங்கம் ஒன்று தோன்றியது. 2016-இல் அது இன்னொரு சங்கத்தோடு இணைந்துவிட்டது. மாணவர்களின் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறார்கள், மாநாட்டுக்கு வரப் பிரயாணச் செலவும் தருகிறார்கள். தன் கல்லூரிக்கு வெளியே யாரையும் அறியாத பெண்ணுக்கு, அந்தத் துறையின் பெரிய மனிதர்களோடு நாலு வார்த்தை பேசக் கிடைப்பது லேசான விஷயமா?

இன்னொன்று. 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனே கவனம் தேவை என்றார்கள். ஆதாரம்? சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் ஈபேர்ட் தளத்தில் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகள்! வழக்கத்துக்கு மாறான பறவையைப் பதிந்தால், "எப்படிக் கண்டுகொண்டாய்?" என்று அனுபவசாலி ஒருவர் கேட்பார். பதில் சொல்லிச் சொல்லியே கண்ணும் எழுத்தும் பழகிவிடும்.

திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னேன். அக்கா தோசையைத் திருப்பினாள்.

"சந்தா கட்டுகிறேன். ஆனால் பொங்கலன்று பானை பொங்குகிற நேரத்தில் ஏரிக்கு ஓடக் கூடாது."

"பொங்கல் நாட்களில்தான் அம்மா தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள், 2015-லிருந்து! பதினைந்து நிமிஷம் போதும். மொட்டை மாடியிலேயே எண்ணலாம்."

"அப்படியானால் கரும்பையும் மாடிக்கே எடுத்துப் போ," என்றாள் அக்கா.