கொத்துச்சாவி யார் இடுப்பில்?

ரங்கிட்டோட்டோ எரிமலைத் தீவை மிஷன் பே கடற்கரையிலிருந்து மகள் படமெடுத்திருந்தாள். அதை என் மடிக்கணினியில் சுவர்ப்படமாக வைக்கச் சொன்னாள். மற்ற கணினிகளில் இரண்டு சொடுக்கில் முடிகிற வேலை. என்னுடையதில் கறுப்புத் திரையைத் திறந்து நீளமாக ஒரு கட்டளை அடித்தால்தான் படம் உள்ளே வரும். சுலபமான வழியை வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருக்கிறார்கள். "ஒரு படத்துக்கா இத்தனை பாடு, அப்பா?" என்றாள்.

ஒரு படம்தான். ஆனால் படத்தைத் திறந்து காட்டும் நிரலில் ஓட்டை இருந்தால், அதுவே திருடனுக்கு ஏணி.

கணினியில் ஓடுவது க்யூப்ஸ். போலந்தைச் சேர்ந்த பாதுகாப்பு வல்லுநர் ஜோவான்னா ருட்கோவ்ஸ்கா 2010இல் அறிமுகப்படுத்திய இயங்குதளம். ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள்: வங்கிக்கு ஓர் அறை, அலுவலகத்துக்கு ஓர் அறை, கண்ட தளங்களை மேய இன்னோர் அறை. வங்கி ஜன்னலுக்குப் பச்சை விளிம்பு வைத்திருக்கிறேன், மேய்ச்சலுக்குச் சிவப்பு. அறைகளுக்கு நடுவே சுவராக நிற்பது ஜென் என்ற ஹைப்பர்வைசர். எல்லா அறைகளையும் திறந்து மூடுவது 'டாம் ஜீரோ' என்ற ஹோஸ்ட். திரையும் விசைப்பலகையும் அதன் கையில். கூட்டுக்குடும்பத்தில் பெரியம்மா இடுப்பில் செருகியிருக்கும் கொத்துச்சாவி மாதிரி. அது போனால் பத்து அறைக்குப் பூட்டு போட்டும் பயனில்லை.

டாம் ஜீரோவும் ஓடுவது ஒரு லினக்ஸில்தான். அந்தச் சாவியை லினக்ஸின் எந்த டிஸ்ட்ரோவிடம், அதாவது எந்த விநியோகத்திடம் கொடுப்பது? நிதானத்துக்குப் பேர்போன டெபியனிடம் என்றுதான் யாரும் சொல்வார்கள். க்யூப்ஸ் கொடுத்திருப்பதோ ஃபெடோராவிடம். ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஆயுள் ஏறக்குறைய 13 மாதம். க்யூப்ஸ் 4.0 வெளிவந்தது 2018 மார்ச்சில். அதன் டாம் ஜீரோ ஃபெடோரா 25. அந்தப் பதிப்புக்கான ஆதரவு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. 2023 டிசம்பரில் வந்த 4.2க்கும் அதே கதை. அதன் ஃபெடோரா 37 அதே மாதம்தான் காலாவதியானது. முதலில் இதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பெரியம்மா தெருவில் இறங்குவதே இல்லை. டாம் ஜீரோவுக்கு இணைய இணைப்பு கிடையாது. புதுப்பிப்பு வேண்டுமென்றால் வேறோர் அறை போய்ப் பதிவிறக்கி வாசலில் வைக்கும். டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே டாம் ஜீரோ உள்ளே எடுக்கும். ஜென்னையும் கர்னலையும் க்யூப்ஸ் குழுவே தனியாகப் பழுதுபார்த்துத் தருகிறது. ஃபெடோராவிடமிருந்து வந்து பழசாவது பெரும்பாலும் தெருக்காற்றே படாத பகுதிகள்.

பழசாக இருப்பதே காப்பாற்றியதும் உண்டு. 2024 மார்ச் 29, புனித வெள்ளி. எங்களுக்கு ஆக்லாந்தில் சனிக்கிழமை விடிகாலை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்து அறிவித்தார். விஷம் ஏறியிருந்தது 5.6.0, 5.6.1 பதிப்புகளில். ஃபெடோராவின் சோதனைக் கிளைகளுக்கும் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் அவை போய்விட்டிருந்தன. டெபியனின் நிலைத்த பதிப்புக்குப் போகவில்லை. காலாவதியான ஃபெடோராவில் ஓடிய என் டாம் ஜீரோவுக்கும் வரவில்லை.

அப்படியானால் டெபியன்காரர்கள் சொல்வதுதான் சரி என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். 2006இல் டெபியனில் ஒருவர் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலைச் 'சுத்தம்' செய்தார். பரிசோதனைக் கருவி ஒன்று குறை சொன்ன வரியை நீக்கினார். அதோடு ரேண்டம் எண் உருவாக்கத்துக்கான மூலப்பொருளும் போயிற்று. மிஞ்சியது நிரலின் செயல் எண் மட்டும்; அதில் சாத்தியங்கள் 32,768. பல கோடி கோடிகளில் ஒன்றாக இருக்க வேண்டிய சாவியை ஒரு பிற்பகலில் ஊகித்துவிடலாம். வெளியே தெரிந்தது 2008 மே மாதம். டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவும் கூடவே மாட்டியது.

மென்பொருளில் நல்ல ரேண்டம் எண்ணை உண்டாக்குவது எவ்வளவு வழுக்கலான வேலை என்று 1998லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவர் எங்கள் ஊர் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் பீட்டர் குட்மன். ஆனால் உலகத்துக்கு அவரைத் தெரிவது 1996இல் எழுதிய இன்னொரு கட்டுரையால்: வன்தட்டில் தகவலை 35 முறை மேலெழுதி அழிப்பது. அந்த 35 வெவ்வேறு பழைய தட்டு வகைகளுக்கான முறைகளை ஒன்றாகச் சேர்த்த எண்ணிக்கை. எந்த ஒரு தட்டுக்கும் அத்தனையும் வேண்டியதில்லை. ஜனங்கள் காரணத்தைக் கேட்காமல் 35ஐ மந்திரம் போல உருப்போடுகிறார்கள் என்று பின்னாளில் அவரே சலித்துக்கொண்டார். 'டெபியனா, ஃபெடோராவா' என்ற சண்டையும் எனக்கு அந்த 35 மாதிரியே கேட்கிறது.

இந்தியாவில் கதை வேறு. சி-டாக் என்ற அரசு ஆய்வு மையம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனின் மேல் எழுந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மாயா உபுண்டுவின் மேல். இரண்டும் அலுவலக வலைப்பின்னலில் நேரடியாக உட்காரும் கணினிகளுக்கானவை. அங்கே காலாவதியான ஃபெடோராவை வைத்தால் அது பைத்தியக்காரத்தனம். ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்துத் தரும் அடித்தளம்தான் வேண்டும்.

க்யூப்ஸிலும் ஒரு நெருடல் மிச்சமிருக்கிறது. திரையை வரைவது இன்னும் டாம் ஜீரோதான். வரைகலை இயக்கி என்ற பெரிய, புரியாத நிரல் சாவிக்கொத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தனி அறைக்கு மாற்றும் ஏற்பாடு 4.1இல் சோதனையாகத் தொடங்கியது. நான் இன்னும் அதற்கு மாறவில்லை.

மகளின் படம் ஒருவழியாக ஏறிவிட்டது. ஒருமுறை திறந்து தூக்கியெறியும் அறையில் அதைத் திறந்து, வெறும் வண்ணப் புள்ளிகளாக உடைத்து, மறுபடி படமாகக் கட்டித்தான் உள்ளே விட்டேன். மேகம் கொஞ்சம் வெளுத்துவிட்டது என்கிறாள்.