சினம் எங்கே பிறந்தது?

ஒரு நாள் மாலை ஆவடி செல்லும் மின்சார ரயிலைப் பிடிப்பதற்காக அம்பத்தூர் நடைமேடையில் தலைதெறிக்க ஓடினேன். ஒருவாறு ஏறியும் விட்டேன். மார்பு படபடத்தது, மூச்சு இரைத்தது, உடல் வியர்த்தது. அவ்வேளையில், புத்தகப் பையோடு நின்ற மாணவன் ஒருவன் என் காலை மிதித்துவிட்டான். அந்நெரிசலில் அவன் என் செய்வான்? ஆயினும் பெட்டியில் இருந்தோரெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அவனைக் கடிந்து பேசினேன். அவன் முகம் வாடித் தலைகுனிந்தான். திருமுல்லைவாயிலை அடைவதற்குள் என் மூச்சு சீர்ப்பட்டது. அத்துணைச் சினம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் வியந்தேன்.

செய்யுளில் தோன்றும் உணர்ச்சிகளைத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் ஆராய்கின்றது. உள்ளத்து உணர்ச்சி மெய்யிலே புலப்படுவதால் அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். நகை, அழுகை முதலாக மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு. வெகுளிக்குரியவை உறுப்பறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொலை என்பன. மிதிபட்ட என் காலை இவற்றுள் எதில் சேர்ப்பது? அலைத்தல் என்று வாதாடலாம். உரையாசிரியர் எவரும் எனக்குத் துணை வாரார்!

காரணம் வெளியில் இல்லையெனின் உடலுக்குள் தேட வேண்டும். அஞ்சுவதால் நடுங்குகிறோம் என்பது உலக வழக்கு. அமெரிக்க உளநூல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் இதனைத் தலைகீழாக்கினார். உடல் முதலில் மாறுகிறது; அம்மாற்றத்தை நாம் உணர்வதே உணர்ச்சி என்றார். டென்மார்க் நாட்டு மருத்துவர் கார்ல் லாங்கே மறு ஆண்டே இதனையொத்த கருத்தை வெளியிட்டார்.

வால்ட்டர் கானன் 1927-இல் இதனை மறுத்தார். இதயம் சினத்திலும் விரைகிறது, அச்சத்திலும் விரைகிறது, காய்ச்சலிலும் விரைகிறது. அங்ஙனமாயின் துடிப்பைக் கொண்டு இது சினம், இது அச்சம் என்று பிரித்தறிவது எவ்வாறு? நல்ல வினா.

இதற்கு விடையாக ஸ்டான்லி ஷாக்டரும் ஜெரோம் சிங்கரும் 1962-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வைட்டமின் ஊசி என்று சொல்லிக் கல்லூரி மாணவர்களுக்கு அட்ரினலினைச் செலுத்தினர். மார்பு படபடக்கும், கை நடுங்கும் என்று சிலரிடம் முன்னரே கூறினர், சிலரிடம் கூறவில்லை. பின்னர் அவர்களை, களிப்பால் கூத்தாடும் ஒருவனோடு அல்லது சினந்து சீறும் ஒருவனோடு இருக்கச் செய்தனர். கூத்தும் சீற்றமும் நடிப்பே. படபடப்பின் காரணம் அறியாதோரே அருகிருந்தவனின் உணர்ச்சியை மிகுதியும் பற்றிக்கொண்டனர். உடல் எழுச்சியைத் தருகிறது. அதற்குப் பெயரிடுவது அறிவு என்பது அவர்கள் முடிபு. 1979-இல் இவ்வாய்வை மீண்டும் நடத்தியோர்க்கு இம்முடிவு அப்படியே கிட்டவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது.

என் வழக்குக்கு மிக நெருங்கியவர் டால்ஃப் சில்மன். ஓர் எழுச்சியின் எச்சம் அடுத்து வரும் உணர்ச்சியோடு கலந்து அதனைப் பெருக்கும் என்று 1971-இல் அவர் விளக்கினார். உடற்பயிற்சியால் எழுந்த துடிப்பு, முன்பே சினமூட்டப்பட்டவரை மேலும் கடுமையாக நடக்கச் செய்வதை அடுத்த ஆண்டு சோதனையிலும் காட்டினார். படபடப்பு ஓட்டத்தினுடையது, நானோ அதற்குச் சினம் என்று பெயரிட்டு, அருகில் நின்றவன் தலையில் சுமத்திவிட்டேன்.

இரண்டு சொல் கூறலாம் என்று ஆவடியில் அவனைத் தேடினேன். அவன் அண்ணனூரிலேயே இறங்கிவிட்டிருந்தான்.