கேட்கப் பழகும் மூளை
(மூளையின் கதை – 9)

உட்காதின் நத்தைச்சுருளில் சென்ற வாரம் நிறுத்தினோம். ஒலியை மின்குறிப்பாக்கிச் செவிநரம்புக்குக் கொடுக்கும் மயிர்க்கலங்கள் அங்கே ஏறக்குறைய 3,500 இருக்கின்றன. பிறவியிலேயே இவை செயலிழந்த குழந்தைக்கு, ஒலியைக் கூட்டிக் கொடுக்கும் சாதாரணக் கருவி பெரும்பாலும் உதவாது. அங்கேதான் கொக்லியர் உள்வைப்பு வருகிறது. காதுக்கு வெளியே மைக், தோலுக்கு அடியில் ஒரு கருவி, நத்தைச்சுருளுக்குள் மெல்லிய மின்வாய்கள். 1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்பேர்ணில் மருத்துவர் கிரேம் கிளார்க் பொருத்திய வகையிலிருந்து வளர்ந்த கருவியில் மின்வாய்கள் இருபத்துச் சொச்சம்தான்.

3,500 கலங்களின் வேலையை 22 மின்வாய்கள் எப்படிச் செய்யும்? அவை செய்வதில்லை. மிச்சத்தை மூளை செய்கிறது. 1995இல் ரொபர்ட் ஷெனன் குழுவினர், நன்றாகக் காது கேட்பவர்களுக்கே பேச்சை நான்கு அலைவரிசைகளாகச் சுருக்கி இரைச்சலாகக் கொடுத்தார்கள். சற்றுப் பழகியதும் வாக்கியங்கள் பெரும்பாலும் புரிந்துவிட்டன.

பேசிப் பழகியபின் கேள்வியை இழந்த பெரியவர்களுக்குக் கருவி இயங்கும் முதல் நாளில் பேச்சு கீச்சுக் குரலாகவோ இயந்திரச் சத்தமாகவோ கேட்கும். மாதங்கள் போகப் போக, பழைய நினைவிலுள்ள சொற்களோடு புதிய ஒலியைப் பொருத்தி மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது.

பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அந்தப் பழைய நினைவு கிடையாது. கேள்விக்கான மூளைப் பகுதிக்கு ஒலி வராவிட்டால் பார்வையும் தொடுகையும் மெல்ல அதில் இடம்பிடிக்கும். மூன்றரை வயதுக்குள் உள்வைப்புப் பெற்ற குழந்தைகளின் மூளை சில மாதங்களிலேயே வயதுக்கேற்ற விதத்தில் ஒலிக்கு இயங்குவதையும், ஏழு வயதுக்குப் பிறகு அது அரிதாவதையும் 2002இல் அனு சர்மா குழுவினர் காட்டினார்கள்.

இந்த வயதுக்கணக்கை இலங்கையின் ஊவா மலைநாட்டில், அப்புத்தளைத் தேயிலைத் தோட்டமொன்றில் வைத்துப் பாருங்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் அம்மா, குழந்தையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்கிறார். பின்னாலிருந்து கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. "ஆம்பளப் புள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று அக்கம்பக்கம் ஆறுதல் சொல்லும். அந்த ஆறுதலிலேயே இரண்டு வருடம் ஓடிவிடும். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனை வைத்துச் சில நிமிடங்களில் செய்யும் முதல் பரிசோதனையை அதற்குள் செய்திருக்கலாம்.

கருவி பொருத்தியபின் கேட்கப் பழக்கும் பள்ளிக்கூடம் லயத்து வீட்டுக்கே வருகிறது. ரயில் ஊதினால் உடனே கையை நீட்டிக் காட்டாதீர்கள். "கேளு, ரயில் வருது" என்று முதலில் சொல்லுங்கள், பிறகு காட்டுங்கள். ஒலி முன்னும் காட்சி பின்னும் வந்தால்தான் மூளை காதைத் தேடும். கல், கால் இரண்டையும் நீளத்தை வைத்துப் பிரிப்பது உள்வைப்புக்கு எளிது. ல, ள, ழ மூன்றும் நுண்ணிய அதிர்வெண் வேறுபாட்டில் நிற்பவை, ஆகவே அவை பிந்தித்தான் பிடிபடும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பாடம் வேண்டாம். பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள். பனிமூட்டத்தின் ஈரம் கருவிக்கு ஆகாது. இரவில் அதை ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சையைக் கட்டணமின்றிச் செய்கிறது. நம் இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடம் பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்குகிறது. ஊவாத் தோட்டங்களுக்குத் தமிழில் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கொழும்புக்கு ரயிலேறும்படி ஒரு தாயிடம் சொல்வது நியாயமல்ல. பிள்ளைக் காம்பரா ஆயாமார், கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைக் கவனித்துச் சொல்லப் பழக்கப்பட வேண்டும். கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்கலாம். மூன்றரை வயதை எங்கிருந்தும் வாங்க முடியாது.

(அடுத்த வாரம்: கேளாத குழந்தைக்குச் சைகை மொழி தடையா, துணையா?)